அல்கிளாட் II: தகடாகவே தெரிகிறது, ஆனால் அடியில் இருப்பதையும் காட்டிக்கொடுக்கும்

வெள்ளி பெயின்ட் அடித்த மாடல் விமானம், எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தாலும், வெள்ளி பெயின்ட் அடித்த பிளாஸ்டிக்காகத்தான் தெரியும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். 1/48 அளவு பி-51டி மஸ்டாங் (இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானம்) ஒன்றுக்கு, மாடல்களுக்கான உலோக நிறப் பெயின்ட்டான அல்கிளாட் II லாக்கர் அடித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

தின்னர் கலக்க வேண்டியதில்லை. நன்றாகக் குலுக்கி அப்படியே ஏர்பிரஷ்ஷில் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் சின்னக் கருவி) ஊற்றி, 12 முதல் 15 பிஎஸ்ஐ அழுத்தத்தில், கிட்டத்தில் பிடித்து, மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடித்தால் போதும். தூரிகைக்கு இது சரிப்படாது.

வேலையெல்லாம் அதற்கு முன்னால்தான். 'ஏர்ஃபிரேம் அலுமினியம்' மாதிரி அதிகம் மின்னும் வகைகளுக்கு அடியில் கண்ணாடி மாதிரி பளபளக்கும் கறுப்பு வேண்டும், அதுவும் முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். முதல் தடவை நான் அவசரப்பட்டேன்: இறக்கையின் அடிப்பாகத்தில் உப்புத்தாள் போட்ட கோடுகள், கறுப்பு அடித்தபோது கண்ணுக்கே படாதவை, உலோக நிறம் ஏறியதும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, 4000 நம்பர் வரை தேய்த்து, மறுபடி கறுப்பு அடித்து, இரண்டு நாள் தொடாமல் வைத்திருந்து அடித்தேன். அப்புறம்தான் பேனல் கோட்டின் (தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் கோடு) ஓரத்தில் விளக்கு வெளிச்சம் வளைந்து போவது தெரிந்தது.

மஸ்டாங் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். போர்க்காலத்தில் அதன் உடல்தான் வெறும் அலுமினியம். இறக்கையில் காற்று வழுக்கிப் போவதற்காக ரிவெட்டுகளை மூடிப் பட்டி பூசித் தேய்த்து, மேலே வெள்ளி பெயின்ட் அடித்தார்கள். இன்று பறக்கும் பல மஸ்டாங்குகளில் இறக்கையும் மின்னுகிறது, அந்தப் படங்களைப் பார்த்து அடித்தால் தப்பாகிவிடும். அதனால் உடலுக்கு ஏர்ஃபிரேம் அலுமினியம், இறக்கைக்குச் சாதாரண 'அலுமினியம்', ஓரிரு பேனலுக்கு 'டார்க் அலுமினியம்' என்று மூன்று பாட்டில் எடுத்தேன். பக்கத்துப் பக்கத்தில் பார்க்கும்போது அந்த வித்தியாசம் அவ்வளவு அழகு!

டேப் ஒட்டிப் பிரித்தபோது ஒரு இடத்திலும் உரியவில்லை. முன்பு வாங்கிய வேறொரு நீர்வகை உலோகப் பெயின்ட் டேப்போடு தோலாக உரிந்து வந்தது. மேலே கிளியர் கோட் (நிறமில்லாத பாதுகாப்புப் பூச்சு) அடித்தால் மினுமினுப்பு மங்கும், ஆகவே டீகால் (சின்னங்கள், எண்கள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுப்படம்) ஒட்டிய இடத்தில் மட்டும் அடியுங்கள். லாக்கர் நெடி கடுமை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், கரைப்பான் ஆவியைத் தடுக்கும் மாஸ்க் போடாமல் தொடாதீர்கள்.

அடுத்து எஃப்-100, அமெரிக்க ஜெட் போர் விமானம். வால்பக்கம் இன்ஜின் சூட்டில் நீலமும் பழுப்புமாக வெந்திருக்குமே, அதற்கு இவர்களின் 'ஹாட் மெட்டல்' வகையில் நீலமும் செப்பியாவும் வாங்கி வைத்துவிட்டேன்.