ஆர்சி விமானம் ஓட்டக் கற்க சிமுலேட்டர்: மூன்று கோடை தாண்டிய பயன்பாட்டு அனுபவம்

வடசென்னையில் ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் ஆர்சி விமானம், அதாவது ரிமோட்டில் இயக்கும் சிறு விமானம், ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குப் பணத்தைவிட இடம்தான் பெரிய தடை. கிழக்கே துறைமுகம், மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலை, வடக்கே எண்ணூர் அனல்மின் நிலையங்கள். இவற்றுக்கு நடுவே உயர் அழுத்த மின்கம்பிகளும் நெருக்கியடித்த வீடுகளும். எங்கே பறக்கவிடலாம் என்று நிறம் பிரித்துக் காட்டும் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து பச்சையா, மஞ்சளா, சிவப்பா என்று பார்க்காமல் எங்கேயும் பறக்கவிட முடியாது. சிவப்பு என்றால் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பேச்சே கிடையாது. ஊருக்கு வெளியே இடம் தேடிப் போய்வந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கையில் கிடைப்பது இரண்டு பேட்டரி, அதாவது பதினைந்து நிமிடத்துக்கும் குறைவான பறத்தல். அந்த நேரத்துக்குள் தரையிறக்கம் யாருக்கும் கைவராது. கணினித் திரையில் விமானம் ஓட்டிப் பழகும் மென்பொருளான சிமுலேட்டரில் அதே பதினைந்து நிமிடத்துக்குள் பத்துப் பதினைந்து முறை இறக்கிப் பார்த்துவிடலாம்.

மூன்று கோடை, மூன்று மழைக்காலம் ஓட்டிப் பார்த்த பிறகு உறுதியாகச் சொல்லலாம்: சிமுலேட்டர் நிஜமாகவே கை பழக்கும். ஆனால் ரேடியோவை (கையில் பிடிக்கும் ரிமோட்டை) சரியாக அமைத்து, கேமராவைத் தரையில் நிற்கவைத்து, விழுந்த விமானத்தைப் புதிதாக நிறுத்தும் ரீசெட் பொத்தானுக்குக் கட்டுப்பாடு வைத்தால்தான். இதில் ஒன்று தவறினாலும் வீடியோ கேம் நன்றாக ஆடக் கற்றிருப்போம், விமானம் முதல் நாளே மண்ணில் குத்தும்.

எந்த மென்பொருள் என்ற கேள்விக்கு அதிக நேரம் செலவிட வேண்டாம். காசு கொடுத்து வாங்குவதென்றால் ரியல்ஃப்ளைட். விமானங்களின் எடை, ஈர்ப்பு மையம், காற்றின் வேகம் எல்லாவற்றையும் அதில் மாற்றிப் பார்க்கலாம். விண்டோஸ் கணினி வேண்டும். இலவசமாக வேண்டுமென்றால் பிகாசிம். பழைய லேப்டாப்பிலும் ஓடும், ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். லினக்ஸ்காரர்களுக்கு சிஆர்ஆர்சிசிம் இருக்கிறது. பார்க்கப் பழசாகத் தெரிந்தாலும் காற்றைப் பொறுப்பாகக் காட்டும். லிஃப்ட்ஆஃப் போன்ற டிரோன் பந்தய சிமுலேட்டர்கள் இந்த வேலைக்கு ஆகாது. அவற்றில் விமானி விமானத்துக்குள் உட்கார்ந்து பார்க்கிறான். நமக்கு வேண்டியது தரையில் நின்று அண்ணாந்து பார்க்கும் பழக்கம்.

போனில் தொடுதிரையைத் தேய்த்துப் பழகுவது வீண். கேம்பேடும் அப்படித்தான்: அதன் ஸ்டிக் குட்டை, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கையை எடுத்ததும் நடுவுக்குத் திரும்பிவிடும். எந்த ரேடியோவை வைத்து நிஜ விமானத்தை ஓட்டப்போகிறோமோ அதையேதான் சிமுலேட்டரிலும் மாட்ட வேண்டும்.

ரேடியோ அமைப்பு

ரேடியோமாஸ்டர் பாக்கெட், பாக்ஸர் போன்ற எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளில் இயங்கும் ரேடியோக்கள் இருந்தால் வேலை எளிது. யுஎஸ்பி ஒயரை மாட்டியதும் திரையில் கேட்கும், ஜாய்ஸ்டிக் என்று தேர்ந்தெடுத்தால் போதும். ஃப்ளைஸ்கை ஐ6 போன்ற ரேடியோக்களில் பின்பக்கம் உள்ள வட்டமான டிரெய்னர் துளையில் சிமுலேட்டர் கேபிளைச் செருக வேண்டும். பல சிமுலேட்டர்களுக்குப் பொதுவானதாக விற்கிற மலிவான கேபிள் போதும். அதிலுள்ள சிறு சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பாருங்கள். கேபிள் கெட்டுப்போச்சு என்று தூக்கிப் போடப்பட்டவற்றில் பாதி, சுவிட்ச் இடம் மாறியவைதான்.

ரேடியோவில் புதிதாக ஒரு மாடல் திறந்து சிம் என்று பெயர் வையுங்கள். வகை, விமானம். ஹெலிகாப்டர் என்று இருந்தால் ஒரு ஸ்டிக்கை அசைத்தால் இரண்டு மூன்று சேனல், அதாவது ஒவ்வொரு பாகத்துக்கும் போகும் தனித்தனிக் கட்டளை, சேர்ந்து ஆடும். ஸ்டிக்கின் நடுநிலையை நகர்த்தும் டிரிம், சப்-டிரிம் எல்லாம் 0. ஒரு ஸ்டிக்கால் இன்னொரு சேனலையும் சேர்த்து அசைக்கும் மிக்ஸ் ஒன்றும் வேண்டாம். எட்ஜ்டிஎக்ஸில் உள்ளே இருக்கும், சிக்னல் அனுப்பும் ஆர்எஃப் மாட்யூலை அணைத்துவிட்டால் பேட்டரி மிச்சம். ஐ6-இல் நான்கு பென்டார்ச் செல். ரீசார்ஜ் வகை வாங்காவிட்டால் பழகுகிற வேகத்துக்குச் செல் வாங்கி மாளாது.

அடுத்து விண்டோஸில் ரன் கட்டளையில் ஜாய்.சிபிஎல் (joy.cpl) என்று ஆங்கிலத்தில் தட்டி, கட்டங்களைப் பாருங்கள். ஸ்டிக்கைத் தொடாமல் இருக்கும்போது கூட்டல் குறி அசையாமல் நிற்க வேண்டும். அளவீடு செய்யும்போது நடக்கும் வழக்கமான பிழை ஒன்று உண்டு. நடுநிலையைப் பதிவு செய் என்று மென்பொருள் கேட்கும்போது த்ராட்டில் ஸ்டிக் கீழேயே கிடக்கும். மென்பொருள் அதையே நடு என்று எடுத்துக்கொள்ளும். அப்புறம் த்ராட்டிலின் ஓட்டம் பாதியாகிவிடும், விமானத்துக்குச் சக்தியில்லை என்று மாதக்கணக்கில் குறைசொல்லிக்கொண்டிருப்போம். அந்தக் கட்டத்தில் த்ராட்டிலையும் கையால் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்.

த்ராட்டிலைத் தள்ளினால் விமானம் உருண்டால் சேனல் வரிசை வேறு. ஃப்யூட்டாபா நிறுவனத்தின் வழி எய்லரான் (விமானத்தைச் சாய்க்கும் இறக்கைத் தகடு), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால்தகடு), த்ராட்டில், ரட்டர் (மூக்கை இடம் வலம் திருப்பும் செங்குத்து வால்தகடு). ஸ்பெக்ட்ரம் நிறுவனத்தின் வழியில் த்ராட்டில் முதலில் வரும். இதை மென்பொருளுக்குள்ளே மாற்றுங்கள், ரேடியோவில் கை வைக்க வேண்டாம். ஸ்டிக்கின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் எக்ஸ்போ 30 சதவீதம் வைப்பதானால் ரேடியோவிலேயே வையுங்கள், அப்போது நிஜத்திலும் அதே மென்மை கிடைக்கும். குறி மட்டும் கவனம்: மென்மையாக்க ஃப்யூட்டாபாவில் மைனஸ், ஸ்பெக்ட்ரமில் பிளஸ். தவறாகப் போட்டால் ஸ்டிக் நடுவில் தொட்டாலே துள்ளும். அதைத் திரையில் கண்டுபிடிப்பது நல்லது.

கேமராவும் கணினியும்

பின்தொடரும் கேமராவை அணையுங்கள். அது விமானத்தின் பின்னாலேயே போவதால் இடம் வலம் ஒருபோதும் குழம்பாது. குழம்பாமல் பழகியவர் நிஜத்தில் குழம்புவார். தரையில் நிற்கும் பார்வை மட்டுமே வேண்டும். தானாகப் பெரிதாக்கும் ஜூம் அளவாக இருக்கட்டும். முழுதாக அணைத்தால் 15 அங்குலத் திரையில் நூறு மீட்டர் தள்ளிய விமானம் ஒரு புள்ளிதான். நம் கண் நிஜத்தில் அதைவிடத் தெளிவாகப் பார்க்கும். தரையில் கொஞ்சமாவது எப்போதும் திரையில் தெரியும்படி ஒரு வசதி இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளுங்கள், உயரம் பிடிபடும்.

சித்திரை, வைகாசி வெயிலில் ஃபேன் காற்றை நம்பி ஓடும் லேப்டாப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நொடிக்கு 60 ஃபிரேம் 25-க்கு இறங்கும். ஸ்டிக்கை அசைத்ததற்கும் விமானம் சாய்வதற்கும் நடுவே ஒரு தாமதம் வரும். கை அந்தத் தாமதத்துக்குப் பழகி, தேவைக்கு மேல் திருத்தத் தொடங்கும். இது கெட்ட பழக்கம், நிஜ விமானத்தில் தலையாட்டமாகத் தெரியும். நிழல், புல், மரம் எல்லாவற்றையும் குறைத்து வைத்து ஃபிரேமைக் காப்பாற்றுங்கள். பெரிய டிவியில் மாட்டினால் டிவியின் கேம் மோடைப் போடாமல் ஓட்ட வேண்டாம்.

எப்படிப் பழகுவது

இறக்கை மேலே உள்ள டிரெய்னர் விமானத்தை மட்டும் எடுங்கள். போர் விமானம், ஜெட் எல்லாம் திரையில் கண்ணைப் பறிக்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஒரு அமர்வு 20 நிமிடம் போதும். அதற்குமேல் கை மரத்துப்போய்த் தவறான அசைவுகளைத்தான் மனப்பாடம் செய்யும்.

முதல் வாரம் பாதி த்ராட்டிலில் உயரம் மாறாமல் நேராகப் போவதும் திரும்புவதும் மட்டும். பிறகு எட்டுப் போடுங்கள், ஒவ்வொரு திருப்பமும் நம்மைவிட்டு விலகும் பக்கமாக. எட்டு சீராக வந்த பிறகுதான் முகம் நம்மைப் பார்த்து வரும் பறத்தல். பெரும்பாலோர் விழுவது இங்கேதான். விமானம் எதிரே வரும்போது அதன் வலது நமக்கு இடது. மூளையில் கணக்குப் போட நேரம் இருக்காது. ஒரே ஒரு விதியைக் கைக்குச் சொல்லிக்கொடுங்கள்: எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளு. சாயும் கூரைக்கு முட்டுக்கொடுப்பதுபோல. அதை யோசிக்காமல் கை செய்யும்வரை வேறு எதற்கும் போகக் கூடாது.

வடசென்னைப் பையன்களுக்குக் காத்தாடிப் பழக்கம் ஒரு வரம். காற்று எப்போது திரும்பும், எப்போது ஏறும் என்பது உடம்புக்கே தெரியும். கோடையில் முற்பகல் கடந்ததும் கிழக்கிலிருந்து கடல்காற்று ஏறுவதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அதே பழக்கம் ஒரு இடத்தில் எதிரியாகும். காத்தாடி தாழ்ந்தால் நூலை இழுப்போம், அது ஏறும். விமானம் வேகம் குறைந்து தாழும்போது எலிவேட்டரை இழுத்தால் மூக்கு இன்னும் தூக்கி, இறக்கை காற்றைப் பிடிக்க முடியாமல் ஸ்டால் ஆகி, ஒரு பக்கமாகச் சரிந்து விழும். இந்த ஒன்றை மறக்கடிப்பதற்காகவே சிமுலேட்டரில் வேண்டுமென்றே ஸ்டால் செய்து பழக வேண்டும்: நல்ல உயரத்துக்குப் போய், த்ராட்டிலை மூடி, எலிவேட்டரை மெல்ல இழுத்துக்கொண்டே இருந்து, சரியும் நொடியில் ஸ்டிக்கை விட்டு, மூக்கு இறங்கி வேகம் வந்த பிறகு சமன்செய்வது. ஐம்பது முறையாவது.

தரையிறக்கத்தில் உயரத்தைத் த்ராட்டில் பார்த்துக்கொள்ளும், வேகத்தை எலிவேட்டர் பார்த்துக்கொள்ளும். கடைசித் திருப்பம் முடிந்ததும் கால்வாசித் த்ராட்டில், மூக்கு லேசாகக் கீழே. தரைக்கு ஒரு மீட்டர் இருக்கும்போது த்ராட்டிலை மூடி, எலிவேட்டரைச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால் விமானம் மறுபடி எம்பும். எம்பியதும் பயந்து கீழே அழுத்துவார்கள், மூக்கு மண்ணில் குத்தும். எம்பினால் த்ராட்டிலைக் கொடுத்து, சமமாக வைத்து, இன்னொரு சுற்று போவதுதான் சரி. சுற்றிப்போவதையும் தனியாகப் பழகுங்கள், தோல்வி என்று நினைக்க வேண்டாம்.

பெரும்பாலும் சிமுலேட்டரில் காற்றைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர் காற்றை ஓடுபாதைக்குக் குறுக்காக வைத்துப் பாருங்கள். நிஜத்தில் காலை 6 மணிக்குப் போனாலும் 8 மணிக்குள் காற்று மாறலாம். குறுக்குக் காற்றில் தொடர்ந்து பத்துத் தரையிறக்கம், ரீசெட் இல்லாமல்: இது வந்துவிட்டால் மைதானத்துக்குப் போகலாம்.

ரீசெட்டைப் பற்றி. விழுந்த மறுநொடி பொத்தானை அழுத்தும் பழக்கம்தான் இந்தக் கருவியின் மிகப் பெரிய குறை. விழுந்ததற்குக் காரணம் என்னவென்று மனதில் பதிவதற்குள் புது விமானம் ஓடுபாதையில் நிற்கிறது. ஒரு நோட்டில் ஒவ்வொரு விபத்துக்கும் ஒரு வரி எழுதிய பிறகே ரீசெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘எதிரே வரும்போது தப்புப் பக்கம்’, ‘தாழ்வாக இழுத்தேன்’, ‘வெகுதூரம் போய்த் திசை தெரியவில்லை’. ஒரே வரி நான்கு முறை வந்தால் அடுத்த நாள் பாடம் அதுதான். இன்னொன்று, நிலைமை கெட்டால் ஸ்டிக்கை டீலில் விட்டுவிடும் பழக்கமும் இங்கேதான் ஒட்டிக்கொள்கிறது. தரையில் இடிக்கும் கடைசி நொடிவரை ஓட்ட வேண்டும்.

சிமுலேட்டர் சொல்லித் தராதவை

திரையில் எந்த விமானமும் எய்லரான் தலைகீழாக மாட்டப்பட்டு வருவதில்லை. நிஜத்தில் முதல் பறத்தலைக் கெடுக்கும் காரணங்களில் இது முக்கியமானது. விமானத்தின் பின்னால் நின்று ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே எழ வேண்டும். எலிவேட்டர் ஸ்டிக்கை நம் பக்கம் இழுத்தால் வால்தகடு மேலே எழ வேண்டும். ஒவ்வொரு முறையும், ஒவ்வொரு பேட்டரிக்கும்.

ஈர்ப்பு மையத்தை மட்டும் சிமுலேட்டரிலேயே புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ரியல்ஃப்ளைட்டில் டிரெய்னரின் ஈர்ப்பு மையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளி ஓட்டிப் பாருங்கள். முதலில் கூர்மையாகும், பிறகு மூக்கு நிற்காமல் அலையும், கடைசியில் கையில் அடங்காது. இதைப் பார்த்தவர் அதன்பின் பேட்டரியைக் கிடைத்த இடத்தில் ஒட்டமாட்டார். 20 சென்டிமீட்டர் அகல இறக்கை என்றால் முன்விளிம்பிலிருந்து 5 முதல் 6 சென்டிமீட்டரில் விரல் வைத்துத் தூக்கினால் சமமாக, அல்லது மூக்கு லேசாகத் தாழ்ந்து நிற்க வேண்டும்.

இங்கே பலரும் முதலில் கட்டுவது சன்பேக் ஷீட் (உள்ளே வரி வரியாகக் குழிவுள்ள பிளாஸ்டிக் அட்டை) விமானம், 2212 அளவு மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி, தகடுகளை அசைக்கும் 9 கிராம் சர்வோக்கள், மூன்று செல் (3எஸ்) 2200 எம்ஏஎச் பேட்டரி. சன்பேக் கனம். சிமுலேட்டரின் ஃபோம் டிரெய்னரைவிட வேகமாகப் பறக்கும், வேகமாக இறங்கும். அதனால் சிமுலேட்டர் விமானத்தின் எடையை ஐந்தில் ஒரு பங்கு கூட்டி ஒரு வாரம் பழகுங்கள். கையால் எறிந்து ஏற்றுவதையும் சிமுலேட்டரை நம்பிப் போக வேண்டாம். அங்கே எறிதல் எப்போதும் நேர்த்தியாக இருக்கும். நிஜத்தில் காற்றை எதிர்த்து, மூக்கைத் தூக்காமல், சமமாக எறிய வேண்டும். மோட்டார் முறுக்கில் விமானம் இடப்பக்கம் உருளப் பார்க்கும்.

உப்புக்காற்று

கடலோரப் பகுதியில் நீண்ட காலம் வைத்திருப்பவர்கள் அவசியம் அறிய வேண்டியது இது. டிரெய்னர் துளையின் பித்தளை முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். அறிகுறி: சிமுலேட்டரில் பறந்துகொண்டிருக்கும்போது எல்லா சேனலும் ஒரு நொடி உறைந்து மீளும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத்பிரஷால் தேய்த்தால் சரியாகும். உரசும் முனை கொண்ட பொட்டென்ஷியோமீட்டர் வைத்த ஸ்டிக்குகளில் வேறு அறிகுறி: ஜாய்.சிபிஎல்லில் கை எடுத்த பிறகும் கூட்டல் குறி நடுங்கும். காண்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு ஸ்டிக்கை ஐம்பது முறை முழுதாகச் சுழற்றினால் சில மாதம் தாங்கும். எண்ணெய் கலந்த துருநீக்கியை அடிக்க வேண்டாம், தூசியைக் கூட்டிவந்து ஒட்டும். உரசாமல் காந்தத்தால் நிலையை அறியும் ஹால் சென்சார் ஸ்டிக் உள்ள ரேடியோவில் இந்தத் தொல்லை இல்லை. புதிதாக வாங்குகிறவர்கள் அதற்காகவே கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம். ரேடியோவை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், மேசைமேல் திறந்து கிடக்க வேண்டாம்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வாரக்கணக்கில் வெளியே போக முடியாது. அந்த நாட்களில் தினம் 15 நிமிடம், முகம் நம்மைப் பார்க்கும் பறத்தலும் மோட்டார் நின்ற நிலையில் இறக்குவதும் மட்டும் செய்தால் கை மறக்காது. லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரிகளை அந்த இடைவெளிக்கு முன் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்தி எடுத்துவைக்கவும். மழை விட்டு முதல் நாள் மைதானத்துக்குக் கிளம்பும் முன், சிம் மாடலிலிருந்து நிஜ விமானத்தின் மாடலுக்கு ரேடியோவை மாற்றிவிட்டோமா என்று பெயரைப் பார்த்துவிட்டுப் பேட்டரியைச் செருகுங்கள்.