மறுஆக்கமா, தொடர்ச்சியா?

1987இல் பால் வெர்ஹூவன் இயக்கிய 'ரோபோகாப்' படத்தில், குண்டர்கள் காவலர் மர்ஃபியின் வலக்கையைத் துப்பாக்கியால் சிதறடிக்கும் கொடூரம் மனத்தில் நிற்பதால்தான், பின்னர் இயந்திரமாகிவிட்ட அவன் தன் பழைய வீட்டின் வெற்று அறைகளில் நடக்கும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. 2014ஆம் ஆண்டு மறுஆக்கமோ, அவனைக் கார் குண்டுவெடிப்பில் வீழ்த்தி, அந்த வலக்கையை மட்டும் மனிதக் கையாகவே விட்டுவைத்து, வன்முறையையும் வெகுவாகக் குறைத்தது (கவசத்துக்குக் கறுப்பு வண்ணம் பூசியது தனிச் சோகம்).

மாறாக, 'மேட் மேக்ஸ்' வரிசையைத் தொடங்கிய ஜார்ஜ் மில்லரே, மூன்றாம் படத்துக்கு 30 ஆண்டுகள் கழித்து, பழைய கதையைத் திரும்பச் சொல்லாமல், அதே பாலைநில உலகில் ஃப்யூரியோசா என்ற புதிய நாயகியை லாரி ஓட்டவைத்தார். 'ஃப்யூரி ரோடு' என்ற அந்தப் படம் 6 ஆஸ்கர் விருதுகளை வென்றது. எனக்கு இவ்வழியே உகந்ததாகப் படுகிறது. 'ரோபோகாப்' மறுஆக்கத்தில், டெஹ்ரான் வீதிகளில் ரோபோக்கள் மக்களைச் சோதனையிடும் தொடக்கம் கூர்மையானதுதான்; அதைத் தனிப்படமாகவே எடுத்திருக்கலாம்.