காரோட்டிப் படமெடுக்கப் போக நமீபியாவா, ஐஸ்லாந்தா?

கோணேசர் மலையில் விடியலைப் படமெடுத்துப் பழகிய திருகோணமலைக்காரருக்கு ஐஸ்லாந்தின் ஜூன் மாதம் ஓர் அதிசயம். நம்மூரில் சில நிமிடங்களில் மறையும் பொன்னொளி அங்கே மணிக்கணக்கில் நிற்கும். தீவைச் சுற்றும் முதலாம் இலக்கச் சாலை ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர், பெரும்பாலும் தார். உள்நாட்டு மலைச் சாலைகளோ கோடையில் மட்டுமே திறக்கும், நான்கு சக்கர இயக்க வண்டியும் கட்டாயம். காற்று கார்க் கதவையே பிய்த்துவிடும். சாப்பாட்டு விலையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

நமீபியாவில் நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டலாம், ஐஸ்லாந்தில் வலப்பக்கம். ஆனால் நமீபியாவில் பெரும்பாலானவை சரளைச் சாலைகள். இரண்டு மேலதிகச் சில்லுகள் கொண்டுபோவது புத்திசாலித்தனம். அங்குள்ள செம்மணல் மேட்டுப் பூங்காவான சொசுஸ்வ்லேயில் வெளிவாயில் சூரிய உதயத்தில்தான் திறக்கும். வெளிவாயிலுக்கு உள்ளே தங்குபவர்கள் அதற்கு முன்பே புறப்படலாம், படப்பிடிப்புக்கு அந்த இருட்டு நேரம்தான் பொன். வெண்களிமண்ணில் நிற்கும் பட்ட மரங்களும் பின்னால் செம்மணல் மேடும் வேறெங்கும் கிடைக்காத காட்சி.

முதல் பயணத்துக்கு என் தெரிவு நமீபியா. லென்ஸ் மாற்றுவதானால் காருக்குள், கண்ணாடியை ஏற்றிவிட்டு மாற்றுங்கள். அந்தப் புழுதி கமராவுக்குள் புகுந்தால் லேசில் போகாது.