காரைக்குடியில் விசா ஆவணங்கள்: மறுக்கப்பட்ட கோப்பும் மறுபடி தயாரித்த கோப்பும்

பள்ளத்தூரில் வசிக்கும் நானும் என் கணவரும், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மருத்துவமனைப் பணியில் இருக்கும் எங்கள் மகளைப் பார்த்துவர 2025ஆம் ஆண்டில் இரண்டு முறை விசாவுக்கு விண்ணப்பித்தோம். முதல் விண்ணப்பம் வேறோர் ஊரில் உள்ள முகவர் மூலம் சென்று மார்ச் மாதத்தில் மறுக்கப்பட்டது. இரண்டாவது விண்ணப்பத்துக்கான ஆவணங்களைக் காரைக்குடி செக்காலைப் பகுதியில் மாடி அறையொன்றில் இயங்கும், விசா ஆவணங்களை மொழிபெயர்த்து ஒழுங்குபடுத்தித் தரும் ஓர் அலுவலகத்தில் தயாரித்தோம். இரண்டு கோப்புகளும் இப்போது என் மேசையில் அருகருகே இருக்கின்றன. முதலாவது நூற்று நாற்பது பக்கம், இரண்டாவது ஐம்பத்திரண்டு. இந்த வேறுபாட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அலுவலகத்தை நடத்துபவர் நாற்பது வயதை ஒட்டிய ஒரு பெண்மணி. பத்திர எழுத்தரிடம் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர் என்பதால் பழைய பத்திரங்களைச் சரளமாகப் படிக்கிறார். நாங்கள் சென்ற முதல் நாளில் கட்டணத்தைப் பற்றியோ பயணத் தேதியைப் பற்றியோ அவர் எதுவும் கேட்கவில்லை. "மறுத்த கடிதத்தையும் போன தடவை அனுப்பின எல்லாத்தையும் அப்படியே கொண்டாங்க ஆச்சி, ஒண்ணையும் எடுத்துடாதீங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். மறுநாள் கோப்பைக் கொண்டுபோனபோது, ஒன்றரை மணி நேரம் ஒவ்வொரு தாளாகப் படித்து இரண்டு அடுக்காகப் பிரித்து வைத்தார். இடப்பக்க அடுக்கு உயர்ந்துகொண்டே போயிற்று. அது வேண்டாதவற்றின் அடுக்கு என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பிரிட்டன் அரசு, பார்வையாளர் விசாவுக்கு எந்த ஆவணங்களைத் தரலாம் என்பதற்கு ஒரு வழிகாட்டியை இணையத்தில் வெளியிட்டிருக்கிறது. எவற்றைத் தர வேண்டியதில்லை என்ற பட்டியலும் அதிலேயே இருக்கிறது. ஓராண்டுக்கு முந்தைய வங்கி அறிக்கைகள், கிரெடிட் கார்டு கணக்குகள், ஓட்டுநர் உரிமம், கல்விச் சான்றிதழ்கள், குடும்பப் புகைப்படங்கள், விடுதி முன்பதிவு, விமானச் சீட்டு முன்பதிவு, பயணக் காப்பீடு, நோட்டரி சான்றுகள், அழைப்பவரின் மின்கட்டண ரசீது ஆகிய எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. முதல் முகவர் எங்களிடம் பதினெட்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு சேர்த்திருந்த தாள்களில் பாதிக்கு மேல் இவைதாம். என்னுடைய புலவர் பட்டச் சான்றிதழும், மகளின் திருமணப் படங்கள் பன்னிரண்டும்கூட அதில் இருந்தன. இந்த அலுவலகத்தில் அந்தப் பட்டியலை அச்செடுத்து, எங்கள் கோப்பில் இருந்தவற்றைப் பென்சிலால் குறித்து எங்கள் கையிலேயே கொடுத்தார்கள். தாள் கூடினால் பலம் கூடும் என்று நானும் நம்பியிருந்தேன். ஆனால், படிக்கும் அதிகாரிக்கு நம் குடும்பத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அவருக்குத் தேவையான ஒரு தாள், தேவையற்ற இருபது தாள்களுக்கு அடியில் கிடந்தால் அது இல்லாததற்குச் சமம்.

மறுப்புக் கடிதத்தில் முதலில் சொல்லப்பட்டிருந்தது பணத்தைப் பற்றி. விண்ணப்பத்துக்குச் சில வாரங்களுக்கு முன், "கணக்கில் கனமாகப் பணம் தெரிய வேண்டும்" என்று முகவர் சொன்னதால், உறவினர் ஒருவரிடம் எட்டு லட்சம் ரூபாய் வாங்கி என் கணவரின் கணக்கில் போட்டிருந்தோம். மாதந்தோறும் இருபதாயிரம் சுற்றிப் புழங்கிய கணக்கில் திடீரென எட்டு லட்சம் வந்து விழுந்தால், அது யாருடைய பணம் என்ற கேள்வி எழாமல் இருக்காது. அந்தக் கேள்விக்கு எங்கள் கோப்பில் பதில் இல்லை. இருந்திருந்தாலும் அது எங்களுக்கு ஆதரவான பதிலாக இருந்திருக்காது. இரண்டாம் முறை, கடன் வாங்கிய பணம் எதுவும் இல்லாமல், நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை என்ற முறையில் பெறும் ஓய்வூதியம் வரவாகும் கணக்கின் ஆறு மாத அறிக்கையையே முதன்மையாக வைத்தார்கள். அதில் ஒரே ஒரு பெரிய வரவு இருந்தது. பதிவுபெற்ற நிறுவனமொன்றில் போட்டிருந்த சீட்டு முடிந்து வந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய் அது. அந்த வரிக்கு நேராக ஓர் எண்ணிட்டு, சீட்டு நிறுவனத்தின் ரசீதை அதே எண்ணுடன் பின்னால் இணைத்தார்கள். லீட்ஸில் தங்கும் செலவு மகளுடையது என்பதால், அவளுடைய சம்பளச் சீட்டுகளும் வங்கி அறிக்கையும் வீட்டு வாடகை ஒப்பந்தமும் தனியாகச் சேர்ந்தன. முதல் முகவர் மகளின் பழைய குடியிருப்பு அட்டையின் நகலை வைத்திருந்தார். அந்த அட்டை 2024 டிசம்பர் 31உடன் காலாவதியாகிவிட்டது. அங்கே இப்போது குடியேற்ற நிலை மின்னணு முறையில்தான் பதிவாகிறது. மகள் தன் கணக்கிலிருந்து எடுத்த ஷேர் கோடையும் (அவளுடைய குடியேற்ற நிலையைப் பிறர் இணையத்தில் சரிபார்க்க உதவும் குறியீடு) அந்த விவரப் பக்கத்தையும் வாங்கி வைக்கச் சொன்னவர் இந்தப் பெண்மணியே.

வீட்டு விஷயம் செட்டிநாட்டில் உள்ள பலருக்கும் பயன்படும். எங்கள் வீடு என் மாமனாரின் பாட்டனார் பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போய்ச் சம்பாதித்த பணத்தில் கட்டியது. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும். அதில் எங்களுக்கு உள்ளது எட்டில் ஒரு பங்கு. முதல் முகவர் மதிப்பீட்டாளர் ஒருவரைக் கொண்டு முழு வீட்டுக்கும் விலை போட்டு, அந்தத் தொகையை என் கணவரின் சொத்தாகக் காட்டியிருந்தார். உடன் வைத்த பட்டாவிலோ பங்காளிகள் அனைவரின் பெயரும் இருந்தது. நாங்கள் பொய் சொல்ல நினைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு தாள்களையும் சேர்த்துப் படிப்பவருக்கு அது பொய்யாகத்தான் தெரியும். இங்கே பாகப்பிரிவினைப் பத்திரத்தை மொழிபெயர்த்து, பொதுவில் உள்ளது எது, எங்கள் அனுபவத்தில் உள்ள அறைகள் எவை என்பதை நான்கு வரியில் எழுதினார்கள். மதிப்பீட்டுத் தாளையே எடுத்துவிட்டார்கள்.

எங்கள் கோப்பில் எல்லாவற்றையும்விடச் சிக்கலானது என் கணவரின் விலாசம். நகரத்தார் அல்லாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: பெயருக்கு முன்னால் வரும் தலைப்பெழுத்துகளை நாங்கள் விலாசம் என்போம். அவர் தம் பதினான்காம் வயதில், 1971இல், பெரியப்பா வீட்டுக்குச் சுவீகாரம் (தத்து) வந்தவர். பிள்ளை கூட்டியதற்குப் பதிவு செய்த பத்திரம் உண்டு. ஆனால் பள்ளிப் பதிவேட்டில் பெற்ற தந்தையின் எழுத்து மாறாமலே இருந்துவிட்டது. அந்தச் சான்றிதழைக் கொண்டு கூட்டுறவுச் சங்கத்தில் வேலைக்குச் சேர்ந்ததால் பணிப் பதிவேட்டிலும் அதே எழுத்து நின்றது. மகள் பிறந்தபோது பிறப்புச் சான்றிதழிலும் அதுவே ஏறியது. கடவுச்சீட்டில் மட்டும் சுவீகாரத் தந்தையின் முழுப்பெயர் விரித்து எழுதப்பட்டிருக்கிறது. ஆக, மகளின் பிறப்புச் சான்றிதழில் உள்ள தந்தையும் விசா கேட்கும் தந்தையும் வெவ்வேறு மனிதர்களாகக் காகிதத்தில் நின்றார்கள். முதல் முகவர் இதற்கு முத்திரைத் தாளில், "இருவரும் ஒருவரே" என்று ஓர் உறுதிமொழி எழுதி நோட்டரி கையெழுத்து வாங்கியதோடு முடித்துக்கொண்டார். ஏன் இரண்டு பெயர் வந்தது என்பது அதில் ஓர் இடத்திலும் இல்லை.

இந்த அலுவலகம் சுவீகாரப் பத்திரத்தையே முழுவதும் மொழிபெயர்த்தது. அந்தப் பத்திரத்தை மொழிபெயர்ப்பது எளிய வேலை அன்று. "விரோதகிருது வருஷம் ஆவணி மாதம்" என்று தொடங்கி, வரிக்கு வரி 'ஷையார்', 'மேற்படியார்' (இரண்டுக்கும் 'முன் சொன்னவர்' என்றே பொருள்) என்று போகும் நடை. யார் பெற்றவர், யார் கூட்டிக்கொண்டவர் என்பதே மூன்றாம் பக்கத்தில் மயங்கிவிடும். அந்தப் பெண்மணி ஒவ்வொரு 'ஷையார்' மீதும் பென்சிலால் அ, ஆ, இ என்று குறித்துக்கொண்டு, ஆங்கிலத்தில் ஒவ்வோரிடத்திலும் ஆளின் பெயரையே எழுதினார். 'சுவீகாரம்' என்ற சொல்லுக்கு நேரான ஆங்கிலச் சொல்லைப் போட்டதோடு நிறுத்தாமல், பங்காளி வீட்டில் பிள்ளை கூட்டுவது இந்தப் பகுதியில் நெடுநாள் வழக்கம் என்பதை விளக்கக் கடிதத்தில் இரண்டு வாக்கியங்களில் சேர்த்தார். விளக்கக் கடிதம் மொத்தமே ஒரு பக்கம். எந்த ஆவணத்தில் எந்த விலாசம், எந்த ஆண்டில், எதனால் என்பதை அதைப் படிக்கும் எவரும் இரண்டு நிமிடத்தில் அறியலாம். முப்பத்து நான்கு ஆண்டு பள்ளியில் தமிழ் கற்பித்த எனக்கு, ஒருவர் இவ்வளவு கருத்தாக ஒரு பழைய தமிழ்ப் பத்திரத்தைப் படிப்பதைப் பார்ப்பதே மனநிறைவாக இருந்தது.

மொழிபெயர்ப்புக்கு விதி உண்டு. ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத ஒவ்வோர் ஆவணத்துக்கும் முழு மொழிபெயர்ப்பு வேண்டும். இது மூலத்தின் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, மொழிபெயர்த்த தேதி, மொழிபெயர்த்தவரின் முழுப்பெயரும் கையெழுத்தும், அவருடைய தொடர்பு விவரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். இந்த அலுவலகத்தின் மொழிபெயர்ப்புகள் ஒவ்வொன்றிலும் இவை அடியில் இருந்தன. முதல் கோப்பின் மொழிபெயர்ப்புகளில் ஒரு ரப்பர் முத்திரை மட்டுமே இருந்தது.

இங்கே நடந்த ஒரு பிழையையும் சொல்ல வேண்டும். முதல் வரைவில் ஆவணி மாதத்தை ஜூலை என்று எழுதியிருந்தார்கள். ஆவணி ஆகஸ்ட் நடுவில்தான் பிறக்கிறது. பத்திரப்பதிவு அலுவலக முத்திரையில் ஆங்கிலத் தேதி தெளிவாக இருந்ததால் நான் அதைக் கண்டுபிடித்தேன். அவர் வருத்தம் தெரிவித்து அன்று மாலையே திருத்தித் தந்தார், கூடுதல் கட்டணம் கேட்கவில்லை. எனினும் தேதியில் பிழை என்பது சிறிய பிழை அன்று. யாராக இருந்தாலும் வரைவை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே கையெழுத்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

மகளின் அழைப்புக் கடிதத்தை இவர்கள் எழுதித் தர மறுத்துவிட்டார்கள். அவளே தன் சொற்களில் எழுத வேண்டும் என்றும், என்னென்ன விவரம் இருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்வதாகவும் கூறினார்கள். முதல் கடிதத்தில், "பிறக்கப்போகும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் பெற்றோர் வருகிறார்கள்" என்று முகவர் எழுதிக் கொடுத்த வாசகம் இருந்தது. பார்வையாளர் விசாவில் வேலை செய்யக் கூடாது. பாட்டி பேரனைத் தூக்கி வைத்திருப்பதை யாரும் வேலை என்று சொல்லப் போவதில்லை. ஆனால், தாய் பணிக்குச் செல்லும் காலம் முழுவதற்கும் பிள்ளை பார்க்கும் ஆளாகத்தான் வருகிறார்கள் என்ற பொருளை அந்த வாசகம் தந்துவிட்டது. இரண்டாம் கடிதத்தில் மகள் உள்ளதை எழுதினாள்: பேரனைப் பார்க்க வருகிறார்கள், இத்தனை வாரம் தங்குவார்கள், மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு ஊர் திரும்பியாக வேண்டும். இருபத்தோர் இழைத் திரியை மாவுப் பிள்ளையாரில் வைத்து ஏற்றி, வீட்டில் மூத்தவர் கையால் இழை எடுத்துக்கொள்ளும் அந்த நோன்பை வீட்டை விட்டு வெளியே நாங்கள் கொண்டாடியதில்லை. தொண்ணூற்றொரு வயதான மாமியாரும் வீட்டில் இருக்கிறார். திரும்பி வருவதற்கு இவற்றைவிடப் பெரிய காரணம் எங்களுக்கு இல்லை. முதல் கோப்பில் இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பழைய மறுப்பை மறைத்துவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று முகவர் சொன்னதை இவரிடம் சொன்னபோது, அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். முன் மறுப்பு உண்டா என்று படிவமே கேட்கிறது. பொய்யான பதிலோ போலி ஆவணமோ பிடிபட்டால் பத்து ஆண்டுகள் வரை விசா மறுக்கப்படும். மறுப்பைக் குறிப்பிட்டு, எட்டு லட்சம் கடனாக வாங்கியதையும் திருப்பிக் கொடுத்ததையும் வங்கிப் பதிவோடு ஒப்புக்கொண்டு எழுதினோம். அதை எழுதும்போது என் கணவருக்குக் கை நடுங்கியது. கடன் வாங்கியதை ஊரறியச் சொல்லிப் பழக்கமில்லாதவர் அவர்.

இருவருக்கும் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆயிற்று. அதில் பெரும்பகுதி மொழிபெயர்ப்புக்கானது, பக்கக் கணக்கில் ரசீது தருகிறார்கள். விசா கிடைக்கும் என்று எந்த வாக்குறுதியும் தருவதில்லை. "நான் தாளை ஒழுங்குபடுத்தலாம், முடிவு எடுக்கிறது அவங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சென்னையில் கைரேகை கொடுக்கும் நாளுக்குப் பல்லவன் விரைவு வண்டியில் போய் நண்பகலுக்கு மேல் நேரம் எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்ன யோசனையும் எங்களுக்கு உதவியது. மூன்று வாரத்துக்குள் இருவருக்கும் விசா வந்தது. பேரன் பிறந்தபோது நாங்கள் பக்கத்தில் இல்லை. மே மாதத்தில் பிறந்தவனை அக்டோபரில்தான் கையில் ஏந்தினோம். முதல் கோப்பு ஒழுங்காக இருந்திருந்தால் அந்த ஐந்து மாதம் போயிருக்காது என்ற எண்ணம் எனக்கு இன்னும் இருக்கிறது.

குறைகளும் உண்டு. ஒருவரே எல்லாம் பார்ப்பதால் வேலை மெதுவாக நடக்கிறது; எங்களுக்குப் பதினெட்டு நாள் ஆயிற்று. பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம் என்பதால் அதையொட்டி இவரிடம் போவது நல்லது, அவசரமாகப் போனால் இவர் ஏற்பதில்லை. காத்திருப்போருக்கு இரண்டு நாற்காலிகளே உள்ளன. மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம்தான். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே இருந்து தொலைபேசியில் அழைத்தால் அவரே இறங்கி வந்து ஆவணங்களை வாங்கிக்கொள்கிறார், ஆனால் அதை யாராவது சொன்னால்தான் தெரிகிறது. படியடியில் ஓர் அறிவிப்பு எழுதி வைக்கும்படி நானும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். மூலப் பத்திரங்களை அவர் ஓர் இரவுகூட வைத்துக்கொள்வதில்லை. நம் கண்முன்னே ஸ்கேன் செய்துவிட்டு, எத்தனை தாள் என்று நம்மையே எண்ணச் சொல்லிக் கையில் தந்துவிடுகிறார்.