கணினி அறிவியல் மாணவருக்குக் கணிதமா, இயற்பியலா?

விருப்பப் பாடத்துக்குப் பெயர் கொடுக்கும் வாரத்தில் கல்லூரி வராந்தாவில் அதிகம் கேட்கும் கேள்வி, "எந்தப் பேப்பரில் மதிப்பெண் தாராளமாகப் போடுவார்கள்?" என்பதுதான். கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் முதலில் சலிப்பது மதிப்பெண்ணை வைத்துத்தான். அந்தக் கணக்கை ஒதுக்கிவிட்டு, கையில் ஒரே ஒரு இடம்தான் இருக்கிறது, அதில் கணிதத்தை வைப்பதா இயற்பியலை வைப்பதா என்று கேட்டால், என் கட்சி கணிதம். ஆனால் வழக்கமாகச் சொல்லப்படும் காரணத்துக்காக அல்ல.

வழக்கமான காரணம், கணிதம்தான் 'பயன்படும்' என்பது. அது பொய்யில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் இரண்டு செமஸ்டரிலும் இரண்டு பாடங்களும் சேர்ந்தே வருகின்றன. மூன்றாவது செமஸ்டரில் தனிநிலைக் கணிதம் (discrete mathematics) தொடர்கிறது; இயற்பியல் அதற்குள் விடைபெற்றுவிடுகிறது. பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வின் கணினி அறிவியல் தாளிலும் 100 மதிப்பெண்ணில் 13 அளவுக்குப் பொறியியல் கணிதம் உண்டு. இயற்பியல் அறவே கிடையாது.

தேர்வைத் தாண்டியும் கணிதத்தின் கை ஓங்கித்தான் இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் அடையாள எண்ணைக் கணக்கிட்டுத் தரும் 32 பிட் ஹாஷ் ஒன்றை வைத்துக்கொண்டு, நானூறு கோடிக்கும் மேல் மதிப்புகள் இருக்கின்றனவே, இரண்டு பதிவுகளுக்கு ஒரே எண் வந்து எங்கே மோதப் போகின்றன என்று நினைப்பது இயல்பு. சுமார் 77,000 பதிவுகள் சேர்ந்ததுமே மோதலுக்கான வாய்ப்பு பாதிக்குப் பாதி ஆகிவிடுகிறது. 23 பேர் இருக்கும் அறையில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் வரும் வாய்ப்பு பாதியைத் தாண்டும் அதே கணக்குதான். நிகழ்தகவை ஒழுங்காகப் படித்தவர் தரவுத்தளத்தை வடிவமைக்கும்போதே இதைப் பார்த்துவிடுவார். மற்றவர் வாடிக்கையாளர் புகாரில் தெரிந்துகொள்வார்.

இயற்பியலின் பக்கமும் வெறுங்கையல்ல. உலோகத்தைச் சூடாக்கி மெல்ல ஆறவிடும் பட்டறை வேலையிலிருந்துதான், பெரிய தேடல் கணக்குகளில் அக்கம்பக்கத்தில் மட்டும் சிறந்ததாகத் தெரியும் விடையில் சிக்காமல் தப்பிக்கும் ஒரு வழிமுறை 1983இல் பிறந்தது. காந்தப் பொருள்களின் இயற்பியலிலிருந்து ஜான் ஹாப்ஃபீல்ட் 1982இல் உருவாக்கிய நரம்பு வலையமைப்புக்கு, 2024இன் இயற்பியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. இன்று படம் வரைந்து தரும் டிஃப்யூஷன் மாதிரிகளின் மூல யோசனையும் வெப்ப இயக்கவியலிலிருந்து வந்ததுதான். ஆனால் ஒன்று: இவையெல்லாம், எண்ணற்ற துகள்களின் கூட்டு நடத்தையை நிகழ்தகவால் விளக்கும் புள்ளியியல் இயற்பியலின் விளைச்சல். நம் கல்லூரிகளில் இயற்பியல் விருப்பப் பாடம் என்றால் பெரும்பாலும் லேசர், ஒளியிழை, நானோ பொருள்கள் என்று முதலாண்டுப் பாடமே புதுச் சட்டை போட்டு வரும். ஹாப்ஃபீல்டை நம்பி உள்ளே போனவர் லேசர் வகைகளை மனப்பாடம் செய்துவிட்டு வெளியே வருவார்.

இரண்டு பாடங்களும் தரும் கண் எப்படி வேறுபடுகிறது என்று பார்க்க ஒரு சின்ன நிரல் போதும். சுருள்வில்லில் கட்டிய ஒரு குண்டு முன்னும் பின்னும் ஆடுவதைத் திரையில் காட்ட வேண்டும். நிறை 1, வில் மாறிலி 1, காலப்படி 0.1 நொடி. மூன்று வரிகள்: நிலையைக் கொண்டு முடுக்கத்தைக் கணக்கிடு, திசைவேகத்தைக் கொண்டு நிலையை மாற்று, முடுக்கத்தைக் கொண்டு திசைவேகத்தை மாற்று. பிழைச் செய்தி எதுவும் வராது. ஆனால் குண்டின் வீச்சு ஒவ்வொரு ஆட்டத்திலும் பெருகிக்கொண்டே போகும். நூறு படிகளில், அதாவது திரையில் பத்தே நொடிகளில், ஆற்றல் 2.7 மடங்காகிவிடும்.

இயற்பியல் படித்தவர் ஆற்றலை ஒரு வரைபடமாகப் போட்டுப் பார்த்து, இது நடக்கவே கூடாது என்று உடனே சொல்லிவிடுவார். காரணம் அவருக்கு இன்னும் தெரியாது. தப்பு இருப்பது மட்டும் உறுதி. கணிதம் படித்தவர் ஒரு படியை 2×2 அணியாக எழுதுவார். ஒவ்வொரு படியிலும் வீச்சு எத்தனை மடங்காகும் என்று காட்டும் அதன் ஐகன் மதிப்புகளின் அளவு 1ஐத் தாண்டுகிறது, அதன் இருமடி 1.01, எனவே ஆற்றல் ஒவ்வொரு படியிலும் ஒரு சதவீதம் ஏறும் என்று கண்டுபிடிப்பார். தீர்வு, கடைசி இரண்டு வரிகளை இடம் மாற்றுவதுதான். மாற்றினால் அந்த அளவு சரியாக 1. ஆற்றல் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் ஓடிப்போகாது. விளையாட்டு நிரல் எழுதுபவர்கள் நெடுநாளாகச் செய்துவரும் காரியம் இது.

கணிதத்தின் பக்கம் நான் சாய்வதும் இந்த நிரலால்தான். இயற்பியல் ஆர்வமுள்ள கணினி மாணவர் வீட்டில் உட்கார்ந்தே இப்படி ஆயிரம் சோதனை செய்யலாம். தப்பாக எழுதினால் குண்டு பறந்துபோய்க் காட்டிக் கொடுத்துவிடும். கணித நிறுவல் (proof) அப்படியல்ல. மூன்றாவது வரியில் ஓர் ஓட்டை இருந்தால், எழுதியவர் கண்ணுக்கு அது தெரியாது, நிரலில் பிழை சுட்டும் கம்பைலர் போல எதுவும் திட்டாது. தெரிந்த ஒருவர் சிவப்பு மையால் வட்டமிட்டு, "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்க வேண்டும். அந்தச் சேவை வகுப்பறையில்தான் கிடைக்கும். கட்டணம் கட்டுவதே அதற்காக என்றுகூடச் சொல்வேன்.

ஓர் எண் பகா எண்ணா என்று விரைவாக, நிச்சயமாகச் சொல்லும் வழிமுறையை 2002இல் ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வாலுடன் சேர்ந்து கண்டுபிடித்த நீரஜ் கயால், நிதின் சக்சேனா இருவரும் அப்போதுதான் பிடெக் முடித்திருந்தவர்கள். அந்த வேலைக்குப் பெரிய கணினி தேவைப்படவில்லை; இயற்கணிதமும் நிறுவல் பழக்கமும் தேவைப்பட்டன.

குவாண்டம் கணினிக்காக இயற்பியல் எடுக்கிறேன் என்பவர்கள் இப்போது அதிகம். குவாண்டம் வழிமுறைகளை எழுதப் போகிறவருக்கு ஹைட்ரஜன் அணுவின் சமன்பாட்டைத் தீர்க்கும் தேவை வராது. கலப்பெண்கள் கொண்ட நேரியல் இயற்கணிதம் வேண்டும். அதுவும் கணிதத்துறைச் சரக்குதான். கருவியையே கட்டப் போகிறவர், சிப் வடிவமைப்பில் குறைகடத்தி வரை இறங்க நினைப்பவர், இவர்கள் தயங்காமல் இயற்பியல் எடுக்கலாம். புள்ளியியல் இயற்பியலை உண்மையிலேயே நடத்தும் ஆசிரியர் வாய்த்தாலும் என் கட்சியை விட்டுவிடலாம்.

கணிதம் என்று முடிவு செய்தபின் எந்தக் கணிதம் என்பதில் ஏமாறக் கூடாது. லாப்லாஸ் உருமாற்றச் சூத்திரங்களின் அட்டவணையை உருப்போட்டு எழுதும் தாளும் கணிதம்தான், நேரியல் இயற்கணிதமும் கணிதம்தான். பாடத்திட்டத்தின் தலைப்பை நம்பாமல் கடைசி மூன்று ஆண்டு வினாத்தாள்களை வாங்கிப் பாருங்கள். 'நிறுவுக' என்று தொடங்கும் வினா அவற்றில் ஒன்றுகூட இல்லையென்றால், லேசர் தாளுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. எதில் மதிப்பெண் தாராளமோ அதையே எடுத்துக்கொள்ளலாம்.