“நீங்க ஒயர் மாத்திப் போட்டதுல போர்டு போயிடுச்சு” என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்துவிட்டு, கடைசியில் ஸ்விட்சைப் போட மட்டும் கை வராமல் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு அந்தப் பயம் நிறையவே இருந்தது. அதைக் கண்டுகொண்ட ஒருவர், கெட்டே போகாத மதர்போர்டுக்கு (எல்லாப் பாகங்களும் வந்து சேரும் முதன்மைப் பலகை) என்னிடம் புது போர்டின் விலையை வாங்கிக்கொண்டார். கடையின் பெயரும் ஆளின் பெயரும் இங்கே வேண்டாம். அவர் சொன்ன பொய்கள் எவை என்று தெரிந்துகொள்வதுதான் உங்களுக்கு உதவும், ஏனென்றால் அவற்றை எந்தக் கடையிலும் யாரும் சொல்லலாம்.

பல மாதம் பணம் சேர்த்து ஒவ்வொரு பாகமாக வாங்கினேன். போர்டோடு வந்த கையேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் மாலை உட்கார்ந்து பூட்டினேன். பிராசஸரை சாக்கெட்டில் வைத்து மேலே உள்ள கம்பியை அழுத்தும்போது நெறுநெறுவென்று ஒரு சத்தம் வந்தது. அங்கேயே பாதி தைரியம் போய்விட்டது. (அந்தச் சத்தம் எல்லாருக்கும் வருவதுதான். ஆயிரத்துக்கு மேற்பட்ட சின்னஞ்சிறு முட்களின் மேல் பிராசஸர் அழுந்தி உட்காரும்போது அப்படித்தான் கேட்கும்.)

எல்லாம் முடிந்ததும் பவர் கேபிளைச் செருகினேன். நான் இன்னும் ஸ்விட்சையே அமுக்கவில்லை, போர்டின் ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. எங்கோ தப்பாகக் கரண்ட் பாய்கிறது என்று நினைத்துப் பதறிப்போய் கேபிளைப் பிடுங்கிவிட்டேன். பவர் சப்ளை செருகியிருக்கும் வரை, கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும், 5 வோல்ட் மட்டும் போர்டுக்கு எப்போதும் போய்க்கொண்டே இருக்கும். முன்பக்க பட்டனை அமுக்கியது போர்டுக்குத் தெரிய வேண்டும் என்றால் அந்த 5 வோல்ட் வேண்டும். இது அன்று எனக்குத் தெரியாது.

மறுபடி செருகிவிட்டு ஒரு மணி நேரம் பட்டனைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அமுக்கினேன். விசிறிகள் சுற்றின. திரையில் ஒன்றும் வரவில்லை. அரை நிமிடம் போனது. விசிறிகள் தானாகவே ஒரு தரம் நின்று மறுபடி சுற்றத் தொடங்கின. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பின்பக்க ஸ்விட்சை அணைத்துவிட்டு, மறுநாள் காலையில் கேபினெட்டை அப்படியே தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி, “யார் சார் அசெம்பிள் பண்ணது?” என்பது. நான்தான் என்றேன். “முதல் தடவையா?” ஆமாம் என்றேன். கேபினெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கீழ் மூலையில் முன்பக்க பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயர்களைக் காட்டினார். “இந்த ஸ்விட்ச் ஒயரை மாத்திக் குத்தியிருக்கீங்க. ரிவர்ஸ்ல கரண்ட் போய் போர்டு ஷார்ட் ஆயிடுச்சு. நல்லவேளை, பிராசஸர் தப்பிச்சுது” என்றார்.

நான் எதிர்க்கேள்வி எதுவும் கேட்கவில்லை. எதையாவது எரித்துவிடுவேன் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் அதையே சொன்னதும், வந்த செய்தி சரிதான் என்று மனம் ஏற்றுக்கொண்டது. போர்டுக்கு வாரண்டி இருக்கிறதே என்று மட்டும் கேட்டேன். “நீங்களா தப்பாக் குத்தி எரிச்சதுக்கு கம்பெனில வாரண்டி தர மாட்டாங்க சார், அனுப்பினாலும் திருப்பி அனுப்பிடுவாங்க” என்றார். அந்த வழியும் அடைபட்டுப்போனது.

மூன்று நாள் கழித்து வாங்கப் போனேன். அதே மாடலில் புது போர்டு போட்டதாகச் சொன்னார். புது போர்டின் முழு விலை, பூட்டுகூலி, அப்புறம் ‘முதல் பவர் ஆன் செக்கிங்’ என்று தனியாக ஒரு தொகை. பழைய போர்டைக் கேட்டதற்கு ஸ்கிராப்பில் போட்டாகிவிட்டது என்றார். கேபினெட்டின் பக்கத் தகட்டில், திறந்தால் தெரிகிற மாதிரி ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார். “இனிமே நீங்களாத் திறக்காதீங்க, எதுவா இருந்தாலும் இங்க கொண்டு வாங்க.”

ஒரு வருடம் அப்படியே செய்தேன். தூசி தட்ட அவரிடம் போனேன். கிராபிக்ஸ் கார்டு வாங்கியபோது போட்டுத் தர அவரிடம் போனேன். வீடு மாறியபோது பின்பக்கக் கேபிள்களைப் பிடுங்கி மறுபடி செருகக்கூட அவரைத்தான் கூப்பிட்டேன், அதற்கும் பணம் கொடுத்தேன். புது போர்டுக்கு வாங்கியதைவிட இந்த ஒரு வருடத்தை நினைத்தால்தான் எனக்கு அதிகமாக வலிக்கிறது. என் சொந்த மெஷினை நான் தொடக் கூடாது என்று நானே நம்பிக்கொண்டு இருந்தேன்.

இன்னொரு எஸ்எஸ்டி (தகவல்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க்) போட வேண்டிய தேவை வந்தபோது, கூட வேலை பார்க்கும் தோழி ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். ஹார்டுவேர் வேலையில் பல வருடம் இருந்தவர். போர்டில் இன்னொரு ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று பார்க்க, போர்டு வந்த அட்டைப்பெட்டியைக் கேட்டார். நான் முதலில் வாங்கிய போர்டின் பெட்டி என்னிடம் பத்திரமாக இருந்தது. அதிலிருந்த சீரியல் எண்ணைப் பார்த்தார், கேபினெட்டைத் திறந்து போர்டில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்தார், மறுபடி பெட்டியைப் பார்த்தார். “போர்டு மாத்தினாங்கன்னு சொன்னீங்களே? இது நீங்க முதல்ல வாங்கின அதே போர்டுங்க” என்றார்.

நான் நம்பவில்லை. அவர் விண்டோஸைத் திறந்து, போர்டின் உள்ளேயே பதிந்திருக்கும் எண்ணை எடுத்துக் காட்டினார். எல்லாப் போர்டுகளிலும் அது சரியாகப் பதிந்திருக்காது. என்னுடையதில் இருந்தது. மூன்று எண்களும் ஒன்றே.

அந்த ஆள் என்ன காரணம் சொன்னார் என்று தோழி கேட்டார். ஸ்விட்ச் ஒயர் கதையைச் சொன்னேன். மெஷினை அணைத்து, அந்த இரண்டு ஊசி இணைப்பைப் பிடுங்கி, என் கண் முன்னாலேயே திருப்பிக் குத்திவிட்டு, “இப்ப ஆன் பண்ணுங்க” என்றார். அமுக்கினேன். எப்போதும் போல ஓடியது. பவர் பட்டன் என்பது இரண்டு ஊசிகளை ஒரு நொடி தொடவைக்கும் சாதனம், அவ்வளவுதான். அதில் பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டியதே இல்லை, எந்தப் பக்கம் குத்தினாலும் வேலை செய்யும். பட்டன் இல்லாமல் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அந்த இரண்டு ஊசிகளைத் தொட்டுக்கூட ஆன் செய்வார்கள். பக்கத்தில் உள்ள எல்இடி ஒயர்களுக்குத்தான் திசை உண்டு. அவற்றை மாற்றிக் குத்தினால் அந்த விளக்கு எரியாது, போர்டுக்கு ஒன்றும் ஆகாது. அதையும் செய்து காட்டினார். ஒரு வருடமாக நான் சுமந்துகொண்டிருந்த குற்றம் ஐந்து நிமிடத்தில் காணாமல் போனது.

அப்படியானால் அன்று ஏன் திரை வரவில்லை? அதற்கும் ஒரு சோதனை செய்தார். கேபிளைப் பிடுங்கிவிட்டு, போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்து மறுபடி போட்டு, ஆன் செய்யச் சொன்னார். விசிறி சுற்றியது, திரை கருப்பாக இருந்தது. ஒரு நிமிடம் தாண்டியது. விசிறி நின்று மறுபடி சுற்றியது. நான் முதல் நாள் பார்த்த அதே காட்சி. “கையை எடுங்க, பேசாம இருங்க” என்றார். இன்னும் கொஞ்ச நேரத்தில் திரை வந்தது. டிடிஆர்5 என்ற வகை ராம் (வேலை நடக்கும்போது தகவலைத் தற்காலிகமாக வைத்திருக்கும் நினைவகம்) போட்ட மெஷின்கள் முதல் தடவை ஆன் ஆகும்போது, ராமோடு எந்த வேகத்தில், எந்த நேரக்கணக்கில் பேசுவது என்று போர்டு தானே சோதித்து முடிவு செய்யும். அதற்குச் சில நிமிடம் கூட ஆகலாம். இடையில் தானாக அணைந்து எழுவதும் உண்டு. அன்று நான் அரை நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். பொறுத்திருந்தால் அன்றே வந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன். ராம் ஒரு பக்கம் சரியாக உட்காராமல் இருந்து, கடைக்காரர் அதை அழுத்தி விட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. எதுவாக இருந்தாலும் அவர் செய்தது அவ்வளவுதான்.

இந்தப் பயம் நமக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கும் தோழி ஒரு பதில் சொன்னார். 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற முறையை (போர்டு, பவர் சப்ளை, கேபினெட் எப்படி இருக்க வேண்டும் என்ற பொது வரையறை) கொண்டுவருவதற்கு முன்பு, பவர் சப்ளையிலிருந்து போர்டுக்கு இரண்டு தனித்தனி பிளக்குகள் வரும், இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். கருப்பு ஒயர்கள் நடுவில் சேர்ந்து வருகிற மாதிரி போட வேண்டும். மாற்றிப் போட்டால் போர்டு உண்மையிலேயே எரியும். ஏடிஎக்ஸில் அது ஒரே பிளக் ஆகி, ஒரு பக்கம்தான் நுழையும்படி வடிவமும் கொக்கியும் வந்தன. பவர் சப்ளையும் தன் மின்னழுத்தம் எல்லாம் சரியான அளவுக்கு வந்த பிறகுதான் போர்டுக்கு ‘சரி, தொடங்கலாம்’ என்று ஒரு சிக்னல் கொடுக்கும். எங்காவது ஷார்ட் இருந்தால், ஒழுங்கான பவர் சப்ளை டிக் என்று தன்னை நிறுத்திக்கொள்ளும். பழைய காலத்து நிஜத்தை வைத்துத்தான் இந்தக் காலத்து ஆட்களைப் பயமுறுத்துகிறார்கள்.

ஆனால் எல்லாப் பயமும் பொய் இல்லை. உண்மையிலேயே எரிகிற இடங்களையும் சொல்லிவிடுகிறேன், அங்கே கவனம் வேண்டும். பெரிய ஆபத்து, கழற்றி மாட்டும் கேபிள் உள்ள பவர் சப்ளைகளில் இருக்கிறது. ஒரு பவர் சப்ளையின் கேபிளை இன்னொன்றில் போடவே போடாதீர்கள். டிஸ்க் பக்க முனைதான் எல்லாவற்றிலும் ஒன்று போல இருக்கும். பவர் சப்ளை பக்க முனையில் எந்த ஊசியில் எத்தனை வோல்ட் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்கு இடையிலும் மாறலாம். பிளக் ஒழுங்காக நுழையும், ஆனால் 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போய் டிஸ்க் செத்துவிடும், அதிலிருந்த படங்களோடு சேர்த்து.

பிராசஸருக்கு வரும் 8 ஊசி (8 பின்) பிளக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கு வரும் 8 ஊசி பிளக்கும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்று. பிளஸ் மைனஸ் பக்கம் நேர் எதிர். வடிவம் தடுக்கும், பலத்தைப் போட்டு அமுக்கினால்தான் விபரீதம். நுழையவில்லை என்றால் நிறுத்துங்கள். சில பவர் சப்ளைகளின் பின்னால் 115, 230 என்று சின்ன சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். 230 வோல்ட் வரும் இடத்தில் அது 115இல் இருந்தால் வெடிச்சத்தத்தோடு போகும். பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது, கேபிளைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும். அதற்கு வெளியே, போர்டில் ஓடுவதெல்லாம் 12 வோல்ட்டும் அதற்குக் கீழும்தான்.

கடைக்குக் கொண்டு போகத்தான் வேண்டும் என்றால், போகும் முன் போர்டு, ராம், டிஸ்க் எல்லாவற்றின் சீரியல் எண்களையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிராசஸரின் மேல் உள்ள எண்ணைக் கூலர் மாட்டும் முன்பே எடுக்க வேண்டும். போர்டு போய்விட்டது என்றால், வேறு ராம், வேறு பவர் சப்ளை போட்டு உங்கள் முன்னால் காட்டச் சொல்லுங்கள். பல போர்டுகளில் சிபியு (பிராசஸர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (விண்டோஸ் தொடங்கும் டிஸ்க்) என்று நான்கு சின்ன விளக்குகள் இருக்கும், எது அணையாமல் நிற்கிறது என்று கேளுங்கள். கழற்றிய பழைய போர்டைக் கையில் கொடுத்தால் ஒழியப் பணம் கொடுக்காதீர்கள். வாரண்டி உண்டா இல்லையா என்பதைப் போர்டு தயாரித்த கம்பெனிதான் சொல்ல வேண்டும், கடைக்காரர் இல்லை. புது போர்டு என்றால் பில்லில் அதன் சீரியல் எண் இருக்க வேண்டும். என் பில்லில் ‘சர்வீஸ் மற்றும் உதிரிபாகம்’ என்ற ஒரே வரிதான் இருந்தது. அன்று அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

அந்த மூன்று எண்களின் படங்களோடு அதே கடைக்குப் போனேன். பழைய போர்டின் ஸ்டிக்கரை எடுத்துப் புதியதில் ஒட்டிவிட்டதாக முதலில் சொன்னார். உள்ளே பதிந்திருந்த எண்ணைக் காட்டியதும், ஒரு வருடம் கழித்து வந்து கேட்டால் எப்படி என்று கத்தத் தொடங்கினார். பணம் திரும்ப வரவில்லை. எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், பில், பெட்டி, படங்கள் மூன்றும் பத்திரமாக இருக்கின்றன.

எஸ்எஸ்டியை நானே போட்டேன். தோழி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், கை வைக்கவில்லை. பின்பக்க ஸ்விட்சை அணைத்து, கேபிளைப் பிடுங்கி, மிச்சமிருக்கும் கரண்ட் வடிய முன்பக்க பட்டனை ஒரு தரம் அமுக்கி, கேபினெட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு ஆரம்பித்தேன். ஒரே ஒரு ஸ்க்ரூ வேலை. திரும்பக் கேபிளைச் செருகியதும் போர்டின் ஓரத்தில் அந்தச் சின்ன விளக்கு எரிந்தது. இந்தத் தடவை பிடுங்கவில்லை, பட்டனை அமுக்கினேன்.