கோவையில் இரண்டு தளம் கீழே இறங்க எந்த வழி?

காந்திபுரம், ஆர்.எஸ்.புரம் பக்கம் பார்க்கிங்குக்காக பேஸ்மென்ட் கேட்டு வருகிறவர்களின் முதல் கேள்வி, சதுர அடிக்கு என்ன ஆகும் என்பதுதான். பக்கத்துச் சுவர் எவ்வளவு தள்ளி இருக்கிறது, பாறை எத்தனை அடியில் தட்டுகிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் கிடையாதுங்க.

சரிவாக வெட்டித் தோண்டுவதுதான் மலிவு. ஆனால் பத்து சென்ட் சதுர மனைக்குப் பக்கம் 66 அடி. 7 மீட்டர் ஆழத்துக்கு 45 டிகிரி சரிவு விட்டால் பக்கத்துக்கு 23 அடி போக, அடியில் மிஞ்சுவது இருபதுக்கு இருபது. ஏக்கர் கணக்கில் மனை இருந்தால் மட்டும் யோசிக்கலாம். கரிசல் மண்ணென்றால் மழையில் அந்தச் சரிவும் நிற்காது.

நெருக்கடியான மனைக்கு என் ஓட்டு பைல் வரிசைக்கே, அதாவது மனையின் ஓரமாக மண்ணுக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்களின் வரிசைக்கே. சின்ன இடைவெளி விட்டு பைல் இறக்கி, பிறகு உள்ளே தோண்டுவது. இடைவெளி வழியே தண்ணீர் கசியும், செம்மண்ணில் சமாளிக்கலாம். வாலாங்குளம், சிங்காநல்லூர் குளம் பக்கமென்றால் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நிற்கும் பைல்கள் வேண்டும். செலவு கூடும், ஆனால் பக்கத்து வீட்டு அடிமண் தண்ணீரோடு வெளியேறாது.

டயாஃப்ரம் வாலை, அதாவது ஆழமான பள்ளம் எடுத்து அதற்குள்ளேயே கட்டும் கான்கிரீட் சுவரை, சென்னையில் பார்த்துவிட்டு இங்கேயும் கேட்கிறார்கள். பள்ளம் சரியாமல் இருக்க பெண்டோனைட் என்ற களிமண் குழம்பு நிரப்பி, கிராப் என்ற இரும்பு வாளி கொண்டு அள்ளும் முறை மெத்து மண்ணுக்கு அருமை. நம்மூர் கெட்டிப் பாறையில் கிராப் இறங்காது. அதை அறுக்கத் தனி மெஷின் வேண்டும். சின்ன வேலைக்கு அது கட்டுப்படியாகாது. பாறை 4 மீட்டரிலேயே வந்தால், பைலைப் பாறைக்குள் ஊன்றி, அடியில் கொஞ்சம் பாறைத் திண்டு விட்டு, அதற்குக் கீழே பாறையைப் பிடித்து நிறுத்தும் போல்ட் அடித்துச் செங்குத்தாக வெட்டலாம். ஊருக்குள் வெடி வைப்பது பெரும் தலைவலி. அதற்குப் பதில் பாறையை இடித்து உடைக்கும் பிரேக்கர், இல்லையென்றால் துளையில் ஊற்றி விரியவைக்கும் ரசாயனக் கலவை.

மேல் தளத்தை முதலில் போட்டுவிட்டு அதன் கீழே குடைந்து போகும் முறை, ஒப்பணக்காரத் தெரு மாதிரி நாலு பக்கமும் பழைய கட்டடம் நிற்கும் இடத்துக்கு மட்டும்.

எந்த முறையானாலும் நிலத்தடி நீரை இறைக்கும் பம்ப்பை அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். பேஸ்மென்ட் தரையின் அடிமட்டத்துக்கு மேல் 3 மீட்டர் உயரத்துக்கு வெளியே நிலத்தடி நீர் நின்றால் சதுர மீட்டருக்கு 3 டன் மேல்நோக்கித் தள்ளும். அரை மீட்டர் கனமுள்ள ராஃப்ட்டின் (அடியில் போடும் கான்கிரீட் தளம்) எடையோ 1.25 டன்தான். மேலே மாடிகள் ஏறி எடை சேரும்வரை, ஐப்பசி மழையானாலும் மோட்டார் ஓடட்டும்.